கன்றுக்கும் கிருஷ்ணவேணிக்கும் ஒரே மருந்து

அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியாத ஒரு காலையில் தணிகாசலம் தன் மனைவி கிருஷ்ணவேணியைக் கட்டை வண்டியில் படுக்கவைத்து, முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வெயில் படக்கூடாதென்று வண்டிக்கு மேலே ஈரப் புடவை ஒன்றைக் கட்டியிருந்தான். வந்து சேர்வதற்குள் அது காய்ந்து மொடமொடத்துப் போயிருந்தது. அவனுடைய அக்கா ஜெயம்மாள் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். குழந்தையின் பெயர் வடிவு. இன்னும் தாய்ப்பால் மறக்காத குழந்தை.

பெண்கள் வார்டில் அப்போது டாக்டர் ரமாமணி இருந்தாள். சின்ன காஞ்சிபுரத்து வைஷ்ணவக் குடும்பத்துப் பெண். மெட்ராஸில் படித்துவிட்டு, வேறு ஊருக்குப் போகாமல் சொந்த ஊர் ஆஸ்பத்திரியையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். கிருஷ்ணவேணியின் நாக்கைப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், நாடி பிடித்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டைஃபாய்டு.

"ஜுரம் எப்ப ஆரம்பிச்சுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்மா," என்றான் தணிகாசலம். "நடுவுல வுட்டுச்சு. சரியாப்பூட்டுதுன்னு களை பறிக்கக்கூடப் போனா. மறுபடியும் புடிச்சுக்கிச்சு. இந்தத் தபா எறங்கவே இல்ல."

"நடுவுல என்ன மருந்து குடுத்தே?"

அவன் இடுப்பு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே இரண்டு கேப்சூல் மீதியிருந்தன. ரமாமணி கையில் வாங்கிப் பார்த்தாள். குளோராம்ஃபெனிகால். டைஃபாய்டுக்கு அவள் கொடுக்கப் போவதும் அதைத்தான்.

"இது யார் எழுதிக் குடுத்தா?"

"யாரும் எழுதலம்மா. கடையில கேட்டேன், குடுத்தாங்க. மாசி மாசம் எங்க எருமைக் கன்னுக்குக் கழிச்சல் வந்துச்சு. மாட்டு டாக்டரு இதத்தான் குடுத்தாரு. ரெண்டே வேளையில கன்னு எழுந்து நின்னுக்கிச்சு. அதான், மனுசருக்கும் கேக்கும்னு கடையில சொன்னாங்களேன்னு... காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடுத்தேன். ஜுரம் வுட்டதும் நிறுத்திட்டேன்."

ரமாமணி பொட்டலத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள். அவன் சொன்ன மாட்டு டாக்டர் அவளுடைய அண்ணன் முரளீதரன்.

அன்றே குளோராம்ஃபெனிகாலை முழு அளவில் ஆரம்பித்தாள். டைஃபாய்டுக்கு அதைவிட நம்பிக்கையான மருந்து அந்த நாளில் கிடையாது. கொடுக்க ஆரம்பித்தால் மூன்று நான்கு நாளில் ஜுரம் படிப்படியாக இறங்கும். படிக்கிற காலத்திலிருந்து அவள் பார்த்தது அது. கிருஷ்ணவேணிக்கு இறங்கவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு அடுப்புபோலக் கொதித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையார்பாளையத்துப் பெண்ணுக்கும் அப்படித்தான். போன வருஷம் கள்ளிக்கோட்டையில் இந்த மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு பரவியதாக ஒரு மருத்துவப் பத்திரிகையில் ரமாமணி படித்திருந்தாள். படித்தபோது அது எங்கேயோ நடக்கிற விஷயமாக இருந்தது. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து, மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள்.

கிருஷ்ணவேணி ஜுரத்திலும் சிரிக்கிறவள். தன் உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டது என்பதே அவளுக்கு ஒரு வேடிக்கை போலிருந்தது.

"எங்க ஊட்டு எருமை ஈனப்பகூட இவ்ளோ அலட்டல் பண்ணலம்மா," என்றாள் ஒருநாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர்ம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பாலு கட்டிக்கினு வலிக்குது. புள்ளைக்குக் குடுக்கக் கூடாதுன்னீங்க. கீழ பீச்சிடட்டுமா?"

ரமாமணி அவளுக்குத் திரையை இழுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கிருஷ்ணவேணி பேசிக்கொண்டே இருந்தாள்.

"புள்ளைக்கு எருமைப் பாலுதான் தண்ணி கலந்து குடுக்கறாங்களாம். அந்த எருமை லேசுல பாலு எறக்காதும்மா. என் கைக்குத்தான் எறக்கும். அக்கா என் பொடவையக் கட்டிக்கினு போய் ஒக்காந்து ஏமாத்திக் கறக்குதாம். ஜன்னலாண்ட வந்து சொல்லிட்டுப் போச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு எனக்கு."

அன்றிரவு சாப்பிடும்போது ரமாமணி அண்ணனிடம் ஆரம்பித்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், மன்னி ஜெயலக்ஷ்மி இவர்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள்.

"முசரவாக்கம் தணிகாசலத்தோட கன்னுக்குட்டிக்கு நீ குளோராம்ஃபெனிகால் குடுத்தியா, அண்ணா?"

"குடுத்தேன். என்ன இப்போ?"

"கழிச்சல்னு வர எல்லாக் கன்னுக்கும் அதுதானா?"

முரளீதரன் சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். "இலாகா எதை அனுப்பறதோ அதைக் குடுக்கறேன். வேற என்ன இருக்கு என் கிட்ட? எருமைக் கடன் குடுத்து, பால் ஊத்து ஊத்துன்னு சர்க்கார் சொல்லிண்டிருக்கு. கன்னு செத்தா எருமை பால் குடுக்காம மரத்துடும். எருமை மரத்துடுத்துன்னா அந்தக் குடும்பம் கடனை எதை வச்சுக் கட்டும்?"

"அதே மருந்து என் வார்டுல கேக்க மாட்டேங்கறது."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? உங்க டாக்டர்கள் தலைவலிக்கும் சளிக்கும் அதையே எழுதித் தள்றா. ராஜ வீதியில புளி, மிளகாய் மாதிரி கடைக்குக் கடை விக்கறது. கன்னுக்குட்டிதான் குத்தவாளியா?"

"குத்தவாளின்னு நான் சொல்லலையே."

"சொல்லத்தான் ஆரம்பிச்சே."

ஜெயலக்ஷ்மி நடுவில் வந்து மோர் ஊற்றினாள். பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

மெட்ராஸிலிருந்து முடிவு வருவதற்குக் காத்திராமல் ரமாமணியே பஸ் ஏறிப் போனாள். ஆய்வுக்கூடத்து அதிகாரி ஒரு கண்ணாடித் தட்டை அவள் முன்னால் வைத்தார். கிருஷ்ணவேணியின் ரத்தத்தில் இருந்த கிருமியை அதில் வளர்த்திருந்தார்கள். தட்டின் மேல் சின்னச் சின்னக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் வெளுப்பாக இருக்கும். குளோராம்ஃபெனிகால் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் விளிம்பு வரைக்கும் வளர்ந்திருந்தது, வரப்பை மீறி வளர்ந்த புல்லைப் போல.

"ஆம்பிசிலின் கேக்கறது, பாருங்கோ," என்று அதிகாரி இன்னொரு வில்லையைக் காட்டினார். "உங்க ஆஸ்பத்திரியில இருக்கா?"

இல்லை. மெட்ராஸில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கி, கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். வார்டுக்குள் நுழைந்தபோது கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. வயிறு பலகைபோல இறுகியிருந்தது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாமென்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினாள். வண்டி வருவதற்கு முன்பே நாடி நழுவிக்கொண்டிருந்தது. பையிலிருந்த ஆம்பிசிலினை ஊசியில் ஏற்றி ரமாமணியே போட்டாள். அதனால் இனி பயன் இல்லை என்று தெரிந்தும் போட்டாள்.

விடிந்து வெயில் ஏறியபோது கிருஷ்ணவேணி இறந்துபோனாள். ஜெயம்மாள் குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் படுக்கவைத்தாள். குழந்தை வழக்கம்போல மார்புப் பக்கம் தலையைத் திருப்பித் தேடியது. ஜெயம்மாள் அதை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

தணிகாசலம் அழவில்லை. வார்டு வாசலில் ரமாமணியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கன்னுக்குக் கேட்டுச்சேம்மா," என்றான். "அதுக்கு எப்பிடிக் கேட்டுச்சு?"

ரமாமணி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளையார்பாளையத்துப் பெண்ணுக்கு ஆம்பிசிலின் நேரத்தில் கிடைத்தது. அவள் பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

சாவு நடந்த வீட்டுக்கு முரளீதரனும் போனான். அவன் வண்டியை நிறுத்தியபோது ஜெயம்மாள் கிருஷ்ணவேணியின் பச்சைப் புடவையைச் சுற்றிக்கொண்டு எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கறந்தாள். முரளீதரன் கன்றின் சாணத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான புட்டியில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து தங்கையிடம் நீட்டினான்.

"இதையும் அனுப்பு," என்றான். "உன் தட்டுல என்ன வரதுன்னு நானும் பார்க்கறேன்."

வந்தது. கன்றின் வயிற்றிலிருந்த கிருமியும் அதே வில்லையின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது.

"கிருமி வேற ஜாதி, அண்ணா. டைஃபாய்டு கன்னுலேர்ந்து வரலை," என்றாள் ரமாமணி. "ஆனா இந்த எதிர்ப்பு இருக்கே, அதை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாத்திக் குடுக்கறதாம். கன்னு வயித்துல கத்துண்டது, சாணத்துல, தண்ணியில, மனுஷா வயித்துல... எங்கே ஆரம்பிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கடையில வாங்கி அரைகுறையா முழுங்கினதுல ஆரம்பிச்சிருக்கலாம். நாங்க எழுதிக் குடுத்ததுல இருக்கலாம். உன் கிட்டேர்ந்தும் இருக்கலாம்."

முரளீதரன், "என்ன பண்ணணும்கறே?" என்று கேட்டான்.

ஆடி மாதம் அதற்கு ஒரு வழி திறந்ததுபோலத் தெரிந்தது. இப்படிப்பட்ட மருந்துகளை நாடு முழுக்க எப்படி உபயோகிக்க வேண்டும் என்று கொள்கை வகுப்பதற்காக டெல்லியிலிருந்து ஒரு குழு மெட்ராஸ் வந்து டாக்டர்களின் கருத்தைக் கேட்பதாகத் தெரியவந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து போவதென்று முடிவு செய்தார்கள். மனிதர்களின் டாக்டரும் மாடுகளின் டாக்டரும் ஒன்றாக வந்து சொன்னால் காதில் விழும் என்று ரமாமணி நம்பினாள்.

நீளமான மேஜை. மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. ரமாமணி கிருஷ்ணவேணியைப் பற்றிச் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. 'ஒரு இளம் தாய்' என்று மட்டும் சொன்னாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. மனிதர் உயிரைக் காப்பாற்றுகிற மருந்தை மாடுகளுக்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது, அவற்றுக்கு வேறு மருந்து தர வேண்டும். எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்க்க ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாவது வேண்டும்.

"சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சட்டம் ஏற்கெனவே இருக்கே, டாக்டர்," என்றார் குழுத் தலைவர். தயவான முகம். உண்மையாகவே கேட்டார்.

"இருக்கு, சார். எங்க ஊர்ல எந்தக் கடையிலயும் என்னை இதுவரைக்கும் யாரும் சீட்டு கேட்டதில்லை. நான் டாக்டர்னு தெரியாத கடையிலயும்."

சிலர் சிரித்தார்கள். மருத்துவ இலாகாவிலிருந்து வந்திருந்த ஒருவர், இதற்கெல்லாம் காரணம் கால்நடைகளுக்கு வாரி இறைப்பதுதான் என்றார். கால்நடை இலாகாக்காரர் உடனே எழுந்துவிட்டார். மனிதர்கள் முழுங்குவதில் நூறில் ஒரு பங்குகூட மாடுகள் முழுங்குவதில்லை, பால் உற்பத்தியைப் பெருக்கு என்று சொல்வதும் சர்க்கார்தானே என்றார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். வீட்டில் சாப்பிடும்போது தாங்கள் பேசிக்கொண்டது அப்படியே மேஜைக்கு வந்துவிட்டதை அண்ணனும் தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முரளீதரன் எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசிப் பழகாதவன்.

"நானும் கால்நடை இலாகாதான்," என்றான். "நான் வைத்தியம் பண்ணின கன்னுக்குட்டியும் இவ பார்த்த அம்மாவும் ஒரே வீடு. ஒரே கிணத்துத் தண்ணிதான் ரெண்டு பேருக்கும். அங்கே ரெண்டு இலாகா கிடையாது."

தலைவர் நன்றி சொன்னார். பிறகு, இந்த விஷயம் சுகாதாரத்தில் சேருமா, விவசாயத்தில் சேருமா என்று ஒருவர் கேட்டார். அதைத் தீர்மானிக்க ஒரு உபகுழு போடலாம் என்று சொல்லி, கூட்டத்தைச் சாப்பாட்டுக்குக் கலைத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது பூந்தமல்லி தாண்டியதும் முரளீதரன் சொன்னான்: "உபகுழு வரட்டும். என் டிஸ்பென்சரியில நாளையிலேர்ந்து நான் நிறுத்திடறேன்."

ரமாமணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லவில்லை.

அவன் சொன்னபடி செய்தான். குளோராம்ஃபெனிகாலை அலமாரியில் வைத்துப் பூட்டினான். கழிச்சல் என்று கன்றைக் கொண்டுவந்தவர்களுக்கு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் வெல்லமும் கரைத்து அடிக்கடி புகட்டச் சொன்னான். அரிசிக் கஞ்சியை வடித்துக் கொடுக்கச் சொன்னான். கன்று கட்டுகிற இடத்தை ஈரமில்லாமல் வைக்கச் சொன்னான். 'மாட்டு டாக்டரு கஞ்சி வைத்தியரா மாறிட்டாரு' என்று திருப்புட்குழிப் பக்கம் பேசிக்கொண்டார்கள். சிலர் நேராகக் கடைக்குப் போய் கேப்சூலை வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் கஞ்சியில் பிழைத்த கன்றுகள் நிறையவே இருந்தன. முரளீதரனே எதிர்பார்த்ததைவிட நிறைய. அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்ததை ஜெயலக்ஷ்மி கவனித்தாள்.

புரட்டாசி மழையில் தணிகாசலம் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தான். அதே கன்று. கழிச்சலில் ரத்தம் கலந்து போய்க்கொண்டிருந்தது. அவன் வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

"ஐயா, போன தபா குடுத்தீங்களே, அதக் குடுங்க," என்றான். "இது போச்சுன்னா எருமை எறக்காது. வடிவுக்கு வேற பாலு இல்ல."

முரளீதரன் கன்றை மேஜைமேல் கிடத்திப் பார்த்தான். ஜுரம் இருந்தது. கண் உள்ளே போயிருந்தது.

"அந்த மருந்து இதுக்குக் கேக்காதுப்பா. மெட்ராஸ்ல பார்த்துட்டா. அதைக் குடுத்துட்டோம்னு சும்மா இருந்துட்டா அதுதான் ஆபத்து. நான் உன் வீட்டுக்கே வரேன். கூட இருந்து பார்த்துக்கறேன்."

தணிகாசலம் அவன் முகத்தையே பார்த்தான். தணிகாசலத்துக்கு மருந்தைப் பற்றிக் கோபமோ சந்தேகமோ இருந்ததாகத் தெரியவில்லை. "நீங்க சொன்னா சரி," என்றான். அதைச் சொன்ன விதம்தான் பின்னால் முரளீதரனைத் தூங்கவிடாமல் செய்தது.

அவன் லீவு போட்டுவிட்டு முசரவாக்கம் போனான். மாட்டுக் கொட்டகையில் கோணி விரித்து உட்கார்ந்தான். மூங்கில் குழாயில் உப்பு, வெல்லத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினான். கன்றை அடிக்கடி புரட்டிப் போட்டு, உலர்ந்த வைக்கோலால் தேய்த்துவிட்டான். ஜெயம்மாள் அடுப்பை அணைய விடாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் அவன் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே இருந்தான். எருமை கயிற்றின் நீளத்துக்கு வந்து கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் கன்று தலையைத் தூக்கியது. ஜெயம்மாள் வாய்விட்டுக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் ஜுரம் ஏறியது. முரளீதரனின் சட்டைப் பையில் அலமாரிச் சாவி இருந்தது. வண்டியில் போய் எடுத்துவந்துவிடலாம். கையைப் பையில் விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தான். அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது, விளிம்பு வரை வளர்ந்த கிருமி. அன்றைக்கு இருந்த கிருமியேதான் இன்றைக்கும் என்று என்ன நிச்சயம் என்றும் தோன்றியது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசியதும் ஞாபகத்துக்கு வந்தது. சாவியை எடுக்கவில்லை.

மத்தியானம் கன்று கால்களை நீட்டி உதைத்துவிட்டு அடங்கிப்போயிற்று.

தணிகாசலம் சத்தம் போடவில்லை. கன்றின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். "நீங்க பாவம், ரெண்டு நாளாத் தூங்கல. வூட்டுக்குப் போங்க ஐயா," என்றான்.

கன்றின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து எருமை முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். எருமை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜெயம்மாள் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மடியைத் தடவிக் கொடுத்தாள், தவிடு வைத்தாள். ஒரு சொட்டு இறக்கவில்லை.

ரமாமணி ஆஸ்பத்திரியிலிருந்து பால் பவுடர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போய், எப்படிக் கலப்பது என்று ஜெயம்மாளுக்குக் காட்டிவிட்டு வந்தாள். குழந்தை முதலில் குடிக்காமல் அழுதது. பிறகு குடித்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கேட்டாள்.

"ரத்தமாப் போயிண்டிருந்துதாமே. ஜுரமும் இருந்துதாம். குடுத்துப் பார்த்திருக்கலாமே, அண்ணா."

முரளீதரன் நிமிர்ந்தான். "நீயா சொல்றே?"

"குடுக்கவே கூடாதுன்னு நான் எங்கே சொன்னேன்? கண்டதுக்கெல்லாம் குடுக்காதே, பார்த்துக் குடுன்னுதானே சொன்னேன்."

"எதை வச்சுப் பார்க்கறது?" அவன் குரல் உயர்ந்தது. "சொல்லு. உனக்காவது மெட்ராஸ்ல தட்டு வச்சுப் பார்க்கறா. என் டிஸ்பென்சரியில ஒரு தெர்மாமீட்டர் இருக்கு. இந்தக் கன்னுக்குக் குடு, அந்தக் கன்னுக்கு வேண்டாம்னு எனக்கு யார் சொல்லுவா? வேற மருந்து யார் அனுப்புவா? கொள்கை பண்றேன்னு வந்தவா சாப்பிட்டுட்டுப் போயிட்டா. நான் ஒருத்தன் நிறுத்தினேன். நிறுத்தினது யார் தலையில விழுந்தது பார்த்தியா? ஊர்ல அத்தனை பேர் இருக்கறப்போ, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் தலையிலதான் விழணுமா?"

ரமாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவனும் உட்கார்ந்தான். அவன் தோள்கள் குலுங்குவதை முதலில் கவனித்தவள் ஜெயலக்ஷ்மி. உள்ளேயிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

கார்த்திகையில் தணிகாசலம் எருமையை விற்றுவிட்டான். வாங்கியவன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் வழியில் டிஸ்பென்சரி வாசலில் நின்றான். முரளீதரன் வெளியே வந்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்யா. கோவிச்சுக்கக் கூடாது," என்றான் தணிகாசலம். "அந்த மருந்தக் குடுத்திருந்தா கன்னு பொழச்சிருக்குமா?"

முரளீதரனுக்குப் பிழைத்திருக்காது என்று சொல்ல ஆசையாக இருந்தது. அப்படிச் சொன்னால் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

"தெரியலப்பா," என்றான். "நெஜமாவே தெரியல."

தணிகாசலம் தலையை ஆட்டினான். எருமையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனான்.

உபகுழு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. மருந்துகளை 'கவனத்துடன்' உபயோகிக்கும்படி இரண்டு இலாகாவும் தனித்தனியாகச் சுற்றறிக்கை அனுப்பின. கவனம் என்றால் என்னவென்று எதிலும் சொல்லியிருக்கவில்லை. அதே வாரத்தில் முரளீதரனின் டிஸ்பென்சரிக்கு இலாகாவின் மருந்துப் பெட்டியும் வந்தது. முன்னைவிடப் பெரிய பெட்டி. ரமாமணி விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பழைய சாமான் அறையைக் கேட்டு வாங்கிக் காலி செய்து, தட்டுகளில் கிருமி வளர்க்க ஒரு பெட்டியை எப்படியோ வரவழைத்தாள். அண்ணன் கொண்டுவருகிற சாணப் புட்டிகளையும் யாருக்கும் சொல்லாமல் அதில் வைத்துப் பார்த்தாள். அடுத்த கோடையில் வார்டில் ஜுரம் வந்தபோது அவளுக்கு மெட்ராஸ் போகவேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரைக் காப்பாற்ற முடிந்தது. ஒருத்தியை முடியவில்லை.

முரளீதரன் அலமாரியைத் திறந்துவைத்தான். மிக மோசமான கன்றுகளுக்கு மட்டும் கொடுத்தான். ஒவ்வொரு முறையும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மறுநாள் அந்தக் கன்றைப் போய்ப் பார்த்தான். முன்பு எப்போதும் அப்படிப் போனதில்லை.

முசரவாக்கம் வழியாகப் போகிறபோது அவன் அந்த வீட்டுப் பக்கம் பார்க்காமலே போய்விடுவான். ஒருநாள் ஜெயம்மாள்தான் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாபா டாக்டரே, பாக்காத மாரியே போயிக்கினு இருக்கிறியே. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் உள்ளே போய்க் கொட்டகையை ஒட்டிய கல்லில் உட்கார்ந்தான். வடிவு நடக்கப் பழகியிருந்தாள். அவன் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோழிகளைத் துரத்தினாள். நல்ல சதைப்பிடிப்பான குழந்தை. அது சிரித்ததைப் பார்த்து முரளீதரனும் சிரித்தான். அப்போது வயலிலிருந்து தணிகாசலம் வந்தான். மண்வெட்டியைச் சுவரோரம் சாத்தினான்.

"வாங்க," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் உட்காரவில்லை. குழந்தையின் கையிலிருந்த செருப்பை வாங்கி, முரளீதரனின் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான். அங்கே தண்ணீர் சேந்தி அதன் கையைக் கழுவிவிடுவது கேட்டது. வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

முரளீதரன் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, ஜெயம்மாளிடம் சொல்லிக்கொண்டு எழுந்தான்.